தழும்பை அழித்த செயலி: ஒரு படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல நாம் ஏன் தயங்குகிறோம்?

சில மாதங்களுக்கு முன் உக்குவளையில் வீட்டிலிருந்தபடி பேஸ்புக் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈழத்தமிழர்கள் அதிகமாக இருக்கும் ஒரு குழுவில் ஒரு படம் பகிரப்பட்டிருந்தது. இறுதிப் போரில் காணாமல் ஆக்கப்பட்ட ஓர் இளைஞரின் படம். அடையாள அட்டைக்காக எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை யாரோ ஓர் உறவினர் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு, நிறம் கொடுத்து, தெளிவாக்கிப் பதிந்திருந்தார். பக்கத்திலேயே பழைய படமும் இருந்தது. அந்தக் குடும்பத்தின் அடையாளம் தெரியக்கூடிய எதையும் இங்கே எழுதப்போவதில்லை.

பதிவின் கீழ் நிறைய இதயக் குறிகள், கும்பிடும் கைகள். "உயிரோடு வந்து நிற்பது போல இருக்கு" என்று பலர் எழுதியிருந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தார்: "பழைய படத்தில் புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு இருக்கு. புதிய படத்தில் அது எங்கே?"

அவருக்குக் கிடைத்த பதில்களைச் சொல்லவேண்டியதில்லை. ஒரு தாயின் கண்ணீரில் குறை கண்டுபிடிக்க வந்தாயா என்று கேட்டார்கள். யாருடைய ஆள் என்று கேட்டார்கள். மறுநாள் பார்த்தபோது அந்தப் பின்னூட்டம் இல்லை. அவர் அழித்தாரா, குழுவை நடத்துபவர்கள் அழித்தார்களா என்பது தெரியாது. அந்த நேரத்தில் நானும் ஒன்றும் எழுதவில்லை. ஊடகக் கற்கை படித்தவன், எழுதிப் பிழைப்பவன், தழும்பு இல்லாமல்போனதை என் கண்ணாலும் கண்டவன். இருந்தும் ஒரு இதயக் குறியை அழுத்திவிட்டு நகர்ந்துவிட்டேன்.

இந்தக் கட்டுரை அந்த மௌனத்தைப் பற்றியது.

செயலி என்ன செய்கிறது?

முதலில் தொழில்நுட்பத்தைப் பார்ப்போம். பழைய படத்தைத் தெளிவாக்கித் தரும் செயலி, அந்தப் படத்துக்குள் ஒளிந்திருக்கும் முகத்தைக் கண்டுபிடித்துத் தருவதாக நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியல்ல. படத்தில் பதிவாகாத விவரத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அது ஏற்கெனவே பார்த்துப் பழகிய பல இலட்சம் முகங்களை வைத்துக்கொண்டு, இந்த இடத்தில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து நிரப்புகிறது. கண், மூக்கு, தோல் எல்லாமே அந்த ஊகத்தின் விளைவுதான்.

அதனால்தான் தழும்பு போனது. மச்சம், தழும்பு, சற்று வளைந்த மூக்கு போன்றவை ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுபவை. செயலிக்கு அவை கீறலாகவும் அழுக்காகவும் படலாம். பழைய படத்தில் விழுந்த கறையைத் துடைக்கும்போது அது மச்சத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. கடைசியில் கிடைப்பது நம் பிள்ளையைப் போன்ற ஓர் அழகான முகம். ஆனால் அது நம் பிள்ளையின் முகம் அல்ல.

வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கு என்றால் இதில் பெரிய பிழையில்லை. பிள்ளையை நிறத்தில் பார்க்க ஒரு தாய் ஆசைப்படுவதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் காணாமல் ஆக்கப்பட்டவரின் படம் நினைவுப்பொருள் மட்டுமல்ல. அது சாட்சியம். நாளை ஒரு நீதிமன்றத்திலோ, காணாமற்போனோர் அலுவலகத்திலோ, ஒரு சர்வதேச விசாரணையிலோ வைக்கப்படப்போகும் ஆவணம்.

மாத்தளையும் செம்மணியும்

உக்குவளையில் இருந்து இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் மாத்தளை வைத்தியசாலை இருக்கிறது. 2012 நவம்பரில் அதன் வளாகத்தில் நிலத்தைத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிவந்தன. 150க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் எடுக்கப்பட்டன. 1987 முதல் 1989 வரையான ஜேவிபி கிளர்ச்சிக் காலத்தில் கொல்லப்பட்டவர்களுடையவை என்று பல சிங்களக் குடும்பங்கள் நம்பின. எலும்புகள் அதற்கும் பல பத்தாண்டுகளுக்கு முந்தியவை என்று பின்னர் காலக்கணிப்பு அறிக்கை ஒன்று சொன்னது. அந்தச் சர்ச்சை இன்றுவரை ஓயவில்லை. ஒரு பல், ஒரு மோதிரம், ஒரு எலும்பு முறிவின் அடையாளம் என்று சின்னச் சின்ன விவரங்களில்தான் ஒரு குடும்பத்தின் பதில் தங்கியிருக்கிறது.

2025இல் செம்மணி, சித்துப்பாத்தி மயானத்தில் அதே கதை நம் கண் முன்னே நடந்தது. 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. சிறுபிள்ளைகளின் எச்சங்களும், நீல நிறப் புத்தகப் பையும், விளையாட்டுப் பொம்மையும் கிடைத்தன. மீட்கப்பட்ட உடைகளையும் பொருட்களையும் யாராவது அடையாளம் காட்டக்கூடும் என்று, நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி அவை பொதுமக்களுக்குக் காட்டப்பட்டன.

அதே நாட்களில் சமூக வலைத்தளங்களில் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய "செம்மணிப் படங்கள்" பரவின. அவற்றைச் செய்தவர்களில் பெரும்பாலானோர் துயரத்தோடும் கோபத்தோடும்தான் செய்திருப்பார்கள். ஆனால் உண்மையான பையையும் உண்மையான பொம்மையையும் மறுக்க விரும்புபவர்களுக்கு இதைவிட நல்ல உதவி வேறு இல்லை. "எல்லாம் கணினியில் செய்த படங்கள்" என்று ஒரே வரியில் எல்லாவற்றையும் தள்ளிவிடலாம். 2023 நவம்பர் 27 அன்று பிரபாகரனின் மகள் துவாரகா என்று சொல்லி ஒரு பெண்ணின் உரை காணொளியாக வெளியிடப்பட்டபோதும், அது உண்மையான ஆளா, கணினி செய்த உருவமா என்ற விவாதத்திலேயே அந்த நாள் கழிந்தது. நினைவுகூர வேண்டியவர்கள் பின்னுக்குப் போனார்கள்.

ஆகவே "இந்தப் படத்தில் தழும்பு எங்கே?" என்ற கேள்வி குறை காணும் கேள்வி அல்ல. நம் சாட்சியத்தைக் காப்பாற்றும் கேள்வி. அப்படியிருந்தும் அதைக் கேட்க நமக்கு ஏன் வாய் வரவில்லை?

பயத்துக்குக் காரணம் இருக்கிறது

முதற்காரணம் பயம். அந்தப் பயம் கற்பனை அல்ல.

கேலிச்சித்திரக் கலைஞரும் ஊடகவியலாளருமான பிரகீத் எக்னெலிகொட காணாமல் ஆக்கப்பட்டது 2010 ஜனவரி 24. சரியாக 14 ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரி 24 அன்று, நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் 108க்கு 62 என்ற வாக்குகளால் நிறைவேறியது. பெப்ரவரி 1ஆம் திகதி சபாநாயகர் அதில் கையொப்பமிட்டார். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அது. ஐந்து பேர் கொண்ட ஓர் ஆணைக்குழு ஒரு கூற்றைப் பொய் என்று கருதினால், அதை 24 மணித்தியாலத்துக்குள் நீக்கச் சொல்லலாம். தேசிய பாதுகாப்புக்கோ பொது ஒழுங்குக்கோ அச்சுறுத்தல் என்று கருதப்படும் பொய்க் கூற்றுக்குச் சிறைத்தண்டனையும் உண்டு. எது பொய், எது கருத்து, எது கலை என்ற கோடு அந்தச் சட்டத்தில் தெளிவாக இல்லை.

இதற்கு முன்பும் சட்டங்கள் இல்லாமல் இல்லை. உக்குவளையில் ரயில் ஏறி கண்டிப் பக்கம் போனால் வழியில் கட்டுகஸ்தோட்டை வரும். அங்கே வசித்த ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர் ரம்ஸி ராசிக், முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்பைப் பேனாவாலும் விசைப்பலகையாலும் எதிர்கொள்ள வேண்டும் என்ற கருத்தில் பேஸ்புக்கில் எழுதினார். 2020 ஏப்ரலில் கைது செய்யப்பட்டு ஐந்து மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 நவம்பரில்தான். சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார, பேஸ்புக்கில் பதிந்த ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் கைதாகி நான்கு மாதங்களுக்கு மேல் உள்ளே இருந்தார். வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்க எழுதப்பட்ட ஒரு பிரிவுதான் இருவர் மீதும் பாய்ந்தது. அது சிவில் மற்றும் அரசியல் உரிமைகள் தொடர்பான சர்வதேச உடன்படிக்கைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு.

மன்னாரைச் சேர்ந்த இளம் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம் 'நவரசம்' என்ற தன் தமிழ்க் கவிதைத் தொகுப்பின் காரணமாக, 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். தீவிரவாதத்தைப் போதிப்பதாகச் சொன்னார்கள். தமிழ் தெரிந்தவர்கள் வாசித்தபோது வன்முறைக்கு எதிரான கவிதைகள் அதில் இருந்தன. 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கிழக்கிலும் நினைவேந்தல் தொடர்பான பேஸ்புக் பதிவுகளுக்காக 2020, 2021 காலத்தில் தமிழ் இளைஞர்கள் பலர் இதே சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டார்கள். 2025 மார்ச்சில், ஆட்சி மாறிய பிறகும், கொழும்பில் இஸ்ரேலுக்கு எதிரான ஒரு ஸ்டிக்கர் ஒட்டிய 22 வயது இளைஞர் மீது அந்தச் சட்டம் பாய்ந்தது.

இவற்றிலிருந்து மக்கள் கற்றுக்கொண்ட பாடம் எளிமையானது. எதையும் எழுதாதே. எழுதினால் பூவோ இதயமோ போடு. மற்றதை வட்ஸ்அப்பில் தனியாகச் சொல். போரைக் கண்ட குடும்பங்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. பிள்ளை பேஸ்புக்கில் ஏதாவது எழுதினால், "தம்பி, அதை அழிச்சுப்போடு" என்று அம்மாதான் முதலில் சொல்வார்.

தமிழ் வாசிக்கத் தெரியாத மேடை

இரண்டாவது காரணம், நாம் பேசும் மேடை நம்முடையது அல்ல. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனப் பகுதியில் முஸ்லிம்கள் மீது வன்முறை நடந்தபோது, அதைத் தூண்டிய சிங்களப் பதிவுகள் பேஸ்புக்கில் தாராளமாகப் பரவின. உக்குவளையிலும் முஸ்லிம்கள் செறிந்து வாழ்கிறார்கள். அந்த வாரத்தின் பயம் இந்தப் பக்கத்து மக்களுக்கு இன்னும் மறக்கவில்லை. அரசாங்கம் கடைசியில் சமூக வலைத்தளங்களையே ஒரு வாரத்துக்கு மேல் முடக்கியது. தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்காக பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்.

நெருப்பு மூட்டும் பதிவு தப்பிவிடுகிறது. ஆனால் கார்த்திகைப் பூ வரைந்த டிஜிட்டல் ஓவியமோ ஒரு பழைய நினைவுப் படமோ நவம்பரில் நீக்கப்படுகிறது, கணக்கு முடக்கப்படுகிறது என்று தமிழ்ப் பாவனையாளர்கள் ஆண்டுதோறும் முறையிடுகிறார்கள். பேஸ்புக்கின் 'ஆபத்தான அமைப்புகள்' பட்டியல் 2021 ஒக்ரோபரில் 'த இன்டர்செப்ட்' ஊடகம் மூலம் வெளிவந்தபோது, விடுதலைப் புலிகள் அமைப்பும் அதில் இருந்தது. ஓவியம் எதைப் பற்றியது, அஞ்சலியா பிரசாரமா என்று பார்ப்பதற்கு மொழியும் வரலாறும் தெரிந்த ஆள் வேண்டும். இயந்திரத்துக்கு உருவமும் சொல்லும் மட்டுமே தெரியும்.

ஒரு பக்கம் பொலிஸ், மறுபக்கம் கணக்கை முடக்கும் இயந்திரம். நடுவில் நிற்பவர் கலையைப் பற்றியோ மென்பொருளைப் பற்றியோ விரிவாகப் பேசுவார் என்று எப்படி எதிர்பார்ப்பது?

நம் பக்கத்துப் பிழை

ஆனாலும் எல்லாவற்றையும் அரசின் மீதும் பேஸ்புக்கின் மீதும் போட்டுவிட்டு நாம் நழுவ முடியாது. தழும்பைப் பற்றிக் கேட்டவரை வாயடைக்கச் செய்தது பொலிஸ் அல்ல, நாம்தான். படைப்பைப் பற்றிச் சொன்னதைப் படைத்தவரைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டோம். "இது சரியில்லை" என்பவரிடம் ஏன் என்று கேட்கவில்லை. யாருடைய ஆள் என்று கேட்டோம். நீண்ட போரும் அதற்குள் இருந்த காட்டிக்கொடுப்புகளும் சந்தேகங்களும் நம் பேச்சில் விட்டுப்போன பழக்கம் இது.

இதற்கு மாறான பழக்கமும் நம்மிடமே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, இலங்கையின் மென்பொருள் தொண்டர்கள் சேர்ந்து 'சஹானா' என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனோரைப் பதிவு செய்து தேடுவது அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று. அதை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டார்கள். பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் பிறகு ஹெயிட்டிக்கும் அது போனது. அப்படிப் போன இடங்களில் கிடைத்த அனுபவமும் திருத்தங்களும் சேர்ந்துதான் அது வளர்ந்தது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நலனுக்கான விருது 2006இல் அதற்குக் கிடைத்தது.

தமிழில் பார்த்தாலும் அப்படித்தான். யாழ் நூலகம் எரிக்கப்பட்ட வடுவோடு வளர்ந்தவர்கள் 2005இல் நூலகம் இணையத்தளத்தைத் தொடங்கினார்கள். தமிழ் விக்கிப்பீடியாவை 2003இல் கட்டியெழுப்பத் தொடங்கிய முன்னோடி, நம்மவரான இ. மயூரநாதன். அங்கே ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஒரு பேச்சுப் பக்கம் உண்டு. கணினியா கணனியா, 'டி' போடுவதா 'ரி' போடுவதா, ஈழ வழக்கா தமிழக வழக்கா என்று இங்கெல்லாம் நீண்ட வாதங்கள் நடந்திருக்கின்றன. சில வாதங்களில் சூடும் இருந்தது. ஆனால் அவை எல்லோரும் பார்க்கும்படி நடந்தன. யார் என்ன காரணம் சொன்னார் என்பது அழியாமல் இருக்கிறது. நேற்றைய எதிராளி இன்று அதே கட்டுரையில் எழுத்துப்பிழை திருத்துகிறார்.

மென்பொருள் எழுதுபவர்கள் பிழையை 'வழு' என்பார்கள். வழுவை அறிவிப்பதற்கு ஒரு முறை உண்டு. என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று எழுத வேண்டும். எழுதியவரின் ஊரோ சாதியோ இயக்கமோ அங்கே தேவையில்லை. "பழைய படத்தில் புருவத்துக்கு மேலே தழும்பு இருக்கு, புதியதில் இல்லை" என்பது ஒரு நல்ல வழு அறிக்கை. அதைச் சொன்னவருக்கு நாம் நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைத் திருத்தப்போவதாக இப்போதைய அரசாங்கம் சொல்லி வருகிறது. திருத்தம் பெயரளவில் முடிந்துவிடக் கூடாது. கலைப்படைப்பு, விமர்சனம், தொழில்நுட்பக் கருத்து, நினைவுகூரல் ஆகியவை குற்றமாகாது என்று சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். ஒரு கூற்று பொய்யா என்பதை ஜனாதிபதியால் நியமிக்கப்படும் ஆணைக்குழு அல்ல, நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டும். தமிழில் எழுதியதைப் பற்றிய முடிவு, தமிழ் தெரிந்தவர் முழுதாக வாசித்த பிறகே எடுக்கப்பட வேண்டும். அஹ்னாஃபின் ஒன்றரை ஆண்டுச் சிறை நமக்குச் சொல்வது அதைத்தான். 1979இல் தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்டு இன்னும் நம் தலைக்கு மேலே தொங்கும் பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கும்வரை, மற்றச் சட்டங்களை எவ்வளவு திருத்தினாலும் பயம் போகாது.

சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டவரின் மூலப் படத்தை எந்தச் செயலியிலும் போடுவதற்கு முன், நல்ல தரத்தில் ஸ்கேன் செய்து இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், ஆவணமாக அனுப்புங்கள். படத்தின் பின்பக்கத்தில் எழுத்தோ ஸ்டூடியோ முத்திரையோ இருந்தால் அதையும் படம் எடுங்கள். தழும்பு, மச்சம், உடைந்த பல் போன்றவற்றை எழுதி, எழுதிய திகதியையும் போடுங்கள். அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும்போதே எழுதுங்கள். நிறம் கொடுத்த படத்தைப் பகிர்ந்தால், இது செயலியால் மாற்றப்பட்டது என்று படத்தின் மீதே குறிப்பிடுங்கள். அலுவலகங்களுக்கும் நீதிமன்றத்துக்கும் மூலப் படத்தையே கொடுங்கள்.

குழுக்களை நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆளைத் தாக்கும் பின்னூட்டத்தை நீக்குங்கள். படைப்பில் குறை சொல்லும் பின்னூட்டத்தை விட்டு வையுங்கள். வருத்தத்தில் இருக்கும் குடும்பத்திடம் குறையை எப்படிச் சொல்வது என்பதற்கும் ஒரு முறை வேண்டும். முதலில் அவர்களின் துயரத்தை ஏற்றுக்கொண்டு, பிறகு கண்ட விவரத்தை மட்டும் சொல்லலாம். அடுத்ததாக என்ன செய்யலாம் என்றும் சொல்லலாம். நம் ஊர்களில் செத்தவீட்டில் பேசத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

உக்குவளை போர்முனையாக இருந்த ஊர் அல்ல. ஆனால் 1977இலும் 1983இலும் வன்முறைக்குத் தப்பி மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்கள் பல. பாதுகாப்புத் தேடிப் போன இடத்தில் அவர்களும் முள்ளிவாய்க்கால்வரை நடந்தார்கள். அவர்களுடைய பழைய படங்களின் பிரதிகள் இந்தப் பக்கத்து வீடுகளில், அல்பங்களிலும் தகரப் பெட்டிகளிலும் இன்னும் இருக்கலாம். வன்னியில் எரிந்துபோன ஒரு முகத்தின் ஒரே பிரதி மாத்தளையில் ஒரு பெரியம்மாவின் அலுமாரியில் இருக்கக்கூடும். தேடிப் பாருங்கள். கிடைத்தால் முதலில் தழும்பைப் பாருங்கள்.

அந்தப் பதிவு இப்போதும் குழுவில் இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கும் முன், தாமதமாகவேனும் அதன் கீழே நான் ஒரு பின்னூட்டம் எழுதினேன். படத்தைப் பதிந்தவருக்கு ஆறுதல் சொல்லி, பழைய படத்தைப் பத்திரமாக வைக்கச் சொல்லி, புருவத்துக்கு மேலே உள்ள தழும்பைக் குறிப்பிட்டேன். இரண்டு நாட்களுக்குப் பிறகு ஒரு பதில் வந்தது: "அது சின்ன வயசில வேலியில விழுந்து வந்தது. அம்மாவுக்குத்தான் தெரியும். எழுதி வைக்கிறன்."